அடைப்புக்குறிக்குள் ஒரு பருவம்

இரண்டு சன்னல்கள் திறந்திருந்தன.
இரண்டும் கறுப்பு.
இரண்டிலும் ஒரு டாலர் குறி,
அதன் பக்கத்தில்
இமைத்துக்கொண்டே இருக்கும் ஒரு கட்டம்.
எதில் எந்தப் பைதான் குடியிருக்கிறது என்று
இரண்டும் வாய் திறக்கவில்லை.

நவம்பர் கடைசியில் தோர்ஷவ்னில்
மூன்றரை மணிக்கே விளக்குப் போடுவோம்.
அந்த வெளிச்சத்தில்தான்
நாலாயிரத்துச் சொச்சம் காட் மீன்களின் செவிக்கற்களை,
படமெடுத்து வைத்திருந்ததை, நிரலிடம் கொடுத்தேன்.
மரத்துக்கு உள்ளே வளையம்போல
மீனுக்குச் செவிக்கல்லில் வருஷம் எழுதியிருக்கும்.
எண்ணிச் சொல்வது அதன் வேலை.
எண்ணியது.
பிழைச்செய்தி என்று ஒரு வரிகூட இல்லை.
நான் காபி ஊற்றிக்கொண்டேன்.

ஒன்பது நாள் கழித்துக்
கப்பலிலிருந்து ட்ரோன்டுர் கூப்பிட்டான்.
பாதி வார்த்தையைக் காற்று தின்றது.
"ரன்வா, என் மீன்களுக்கெல்லாம்
ஒரு வயது குறைத்திருக்கிறாய்.
அவற்றுக்குச் சந்தோஷமாக இருக்கலாம்.
அமைச்சகத்துக்கு இருக்காது."

தவறான சன்னல்.
பழைய நூலகம் விளிம்பு வளையத்தை எண்ணாது,
புதியது எண்ணும்,
அவ்வளவுதான்.
யார் வீட்டுப் பந்தி என்று பார்க்காமல்
உட்கார்ந்து சாப்பிட்டு
கையும் கழுவிக்கொண்டு எழுந்தவள் நான்.

அன்றிரவு ஆய்வகத்திலேயே தங்கி,
பெயர் புள்ளியில் தொடங்குவதால்
பட்டியலில் தலைகாட்டாத அந்தக் கோப்பைத் திறந்தேன்.
ஆறு வருஷமாக அதில் கை வைத்ததில்லை.
மேலே ஒரு குறிப்பு இருந்தது:
'இதைத் தொடாதே.'
எழுதியது நான்தான், தேதியோடு.

தொட்டேன்.

நிறத்தை முடித்துவைக்கும் குறி விட்டுப்போக
எல்லாமே சிவந்தது:
கோப்புப் பெயர், தேதி, என் எழுத்துப் பிழைகள்.
இன்னொரு குறியை மறந்ததில்
நீண்ட கட்டளை மடியத் தெரியாமல்
தன் தலைமேலேயே ஏறி எழுதிக்கொண்டது.
ஒன்றரை மணிக்குச் சரியானது.
சரியானதும் ஆசை வந்தது.
நேரம், பேட்டரி, கிட் கிளை,
கடைசிக் கட்டளை எத்தனை நொடி எடுத்தது,
நோல்சோய் பக்கத்துக் காற்றின் வேகம்...
தட்டச்ச இடமில்லை.
கதவு முழுக்கப் பெயர்ப்பலகை; கைப்பிடி எங்கே?

ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.
மிஞ்சியது அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர்.

அந்தப் பெயர் அடுத்த வெட்கம்.
'புதிது', 'புதிது2', 'நிஜமாகவே-புதிது'
என்றுதான் இத்தனை நாளும் வைத்திருந்தேன்.
பழையது இனி வெட்டுர்,
எங்கள் பேச்சில் குளிர்காலம், நீலத்தில்.
புதியது சும்மர், கோடை, மஞ்சளில்.
இரண்டுக்கும் வெளியே நின்றால்
ஒன்றும் எழுதாது, வெறும் டாலர்.
அதையும் ஒரு பதிலாகப் படிக்கப் பழக வேண்டும்.

வீடு அடுத்த தீவில்.
கடலுக்கடியில் சுரங்கச் சாலை
ஒரு ரவுண்டானாவாக விரிகிற இடத்தில்
நடுப்பாறை நிறம் நிறமாக ஒளிர்கிறது.
கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிற வழிதான்.
அன்று வேகத்தைக் குறைத்து
எந்த வாய் எந்த ஊருக்கு என்று பலகையைப் படித்தேன்.
பின்னால் வந்த லாரி
ஹார்ன் அடித்து என்னைக் கடந்தது.

கரைக்கு வந்த ட்ரோன்டுர்
மீன் வாடையோடு என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.
"சும்மரா? இது எதற்கு?"
"எந்தப் பருவத்தில் நிற்கிறேன் என்று தெரிய."
"சன்னல் வழியாகப் பார்த்தால் தெரியாதா?"

பார்த்தோம்.
துறைமுகம் இல்லை. எதிர்த் தீவு இல்லை.
மூடுபனி
பெயர் எதுவும் போட்டுக்கொள்ளாமல்
கண்ணாடியில் சாய்ந்து நின்றது.

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.
நான் மஞ்சள் எழுத்தை
ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு
என்டரைத் தட்டினேன்.
முதல் மீன்: ஏழு வயது.
"ஆமாம்," என்றான், "அவ்வளவு இருக்கும்."